அருள்ராணி வீட்டு கேட்டில் ஏறிய எழுத்து

அருள்ராணிக்கு ஒரு குணம். தனக்குப் புரியாத எதையும் வீட்டுக்குள் விடமாட்டாள். மருந்துக் கடையில் ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்று கேட்பாள். பின்னால் நிற்பவர்கள் முகம் சுளித்தாலும் கேட்டு முடித்துவிட்டுத்தான் வாங்குவாள். வாஷிங்மெஷின் வந்த அன்றைக்கு அதிலிருந்த அத்தனை பொத்தானுக்கும் விளக்கம் சொல்லியே மகள் ஸ்வீட்டிக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்படிப்பட்டவள் வீட்டு வாசல் கேட்டிலேயே ஒரு சீன எழுத்தைக் கொண்டுவந்து மாட்டினால் சும்மா இருப்பாளா?

மாட்டச் சொன்னவர் அவள் வீட்டுக்காரர் லூர்துநாதன். ஸ்வீட்டி வயிற்றில் இருக்கும்போது சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர் அவர். இடையிடையே லீவில் வந்து சாக்லேட்டும் தைலமும் கொடுத்துவிட்டுப் போவார். ஸ்வீட்டி படித்து முடித்து, திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் மூட்டை முடிச்சோடு ஒரேயடியாகத் திரும்பினார். ஆவூருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் அவரை அடையாளம் தெரிந்தவர்கள் அதற்குள் குறைந்துபோயிருந்தார்கள். டீக்கடையில் போய் உட்கார்ந்தால், "இது யாருப்பா?" என்று ஒரு பையன் கேட்கிறான். கடைக்காரர் பால் ஆற்றிக்கொண்டே, "நம்ம பன்னிக்கார அருள்ராணி இருக்குல்ல, அது வீட்டுக்காரரு" என்கிறார். சிங்கப்பூர்க்காரர் என்ற பட்டத்தை எதிர்பார்த்து வந்த மனிதருக்கு இது எப்படி இருக்கும்? பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அருள்ராணி பன்றி வளர்க்க ஆரம்பித்தது ஆசைப்பட்டு அல்ல. லூர்துநாதன் முதலில் வேலை பார்த்த கம்பெனி திடீரென்று இழுத்து மூடப்பட்டு, அவர் வேறு இடம் தேடி அலைந்த காலத்தில் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கால்நடைத் துறை நடத்திய பயிற்சிக்குப் போனாள். வரும்போது ஒரு சோடி வெண்பன்றிக் குட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து கொல்லையில் கொட்டகை. விராலிமலை ஓட்டல்களின் மிச்சச் சோற்றை டிரம்மில் ஏற்றிக்கொண்டு வர ஒரு மொபெட். கொட்டகையைக் கழுவ ஒரு நீளமான ஓஸ். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் கோயில் பக்கத்துக் கறிக்கடையில் தொங்குவது பெரும்பாலும் அவள் வளர்த்ததுதான். கறி நன்றாக இருக்கிறது என்று சப்புக்கொட்டித் தின்பவர்களே அவள் பக்கத்தில் வந்து நின்றால் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொள்வார்கள். நாத்தனார் பிச்சையம்மாள் கொஞ்ச காலம் அந்த வீட்டில் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. ஊருக்குப் பன்றிக்கறி வேண்டும், பன்றிக்காரி வேண்டாம். அருள்ராணி இதையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகப் பழகியிருந்தாள். மகளை அவள் ஆளாக்கியது அந்தக் கொட்டகையை வைத்துத்தான், அது அவளுக்குத் தெரியும்.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்கியது. அந்த நாற்பது நாளும் ஊரில் பாதி வீட்டில் கறி எடுக்கமாட்டார்கள். பன்றிகளுக்கு அது நல்ல காலம். தின்பதும் உறங்குவதுமாக ஈஸ்டருக்குள் உருண்டு திரண்டுவிடும். இந்தத் தடவை கூடவே இரண்டு காரியங்கள் சேர்ந்து வந்தன. ஒன்று, லூர்துநாதன் வீட்டுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பிப் பெரிய இரும்பு கேட்டுக்குச் சொல்லியிருந்தார். இன்னொன்று, பிச்சையம்மாள் ஸ்வீட்டிக்கு ஒரு வரன் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை பெயர் ஃபிரெடி, திருச்சியில் பாங்கு வேலை. அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார். ஈஸ்டர் முடிந்த வாரம் வீடு பார்க்க வருகிறார்கள்.

"கடலை வெவசாயம்னு சொல்லி வச்சிருக்கேன் தம்பி. பன்னிப் பேச்சே எடுக்கல. அவுக வாரதுக்குள்ள கொல்லையைச் சுத்தம் பண்ணிருங்க" என்றாள் பிச்சையம்மாள்.

லூர்துநாதனுக்கு இது கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது, குணசேகரன் என்ற வெளியூர் வியாபாரியிடம் பேசி முடித்துவிட்டதாகவும், புது கேட்டைப் பங்குச் சாமியார் வந்து மந்திரித்த மறுநாள் காலையில் வண்டி வந்து அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போகும் என்றும் சொன்னார்.

"சினையா இருக்கதையுமா?" என்று கேட்டாள் அருள்ராணி.

"எல்லாத்தையுந்தான். இனிமே ஒனக்கென்ன தலையெழுத்தா? நான்தான் வந்துட்டேன்ல."

அவளுக்கு நாலு வார்த்தை கேட்க வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மகள் கல்யாணம் என்று ஒரு பேச்சைக் குறுக்கே போட்டுவிட்டால் எந்தத் தாயால் மேற்கொண்டு பேச முடியும்? அவருக்கு ரசம் ஊற்றிவிட்டு எழுந்து கொல்லைக்குப் போனாள். சினைப்பன்றி அவள் காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தது. அதன் காதைச் சொறிந்துகொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

இரண்டு நாள் கழித்து, இரும்பு கேட்டு செய்கிற நிலவழகன் அளவு பார்க்க வந்தான். கையில் ஒரு காகிதம். அதில் லூர்துநாதன் மார்க்கர் பேனாவால் ஓர் எழுத்து எழுதிக் கொடுத்திருந்தார்.

"அக்கா, சிலுவைன்னா வெட்டிருவேன், மாதான்னாக்கூட வெட்டிருவேன். இதை எப்புடி வெட்டுறது? மேல கூரை மாதிரி ஒன்னு இருக்கு. கீழ என்னான்னா கால் காலா வருது. ஒரு காலு கொறைஞ்சாலும் அண்ணன் தகரத்தைத் திருப்பி அனுப்பிருவாரு."

அருள்ராணி அதை வாங்கிப் பார்த்தாள். 家 என்று இருந்தது. கணவரிடம் கேட்டபோது, "வீடுன்னு அர்த்தம். சிங்கப்பூர்ல எங்கிட்டுப் பாத்தாலும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் சிமெண்டு மூட்டை எண்ணப் போய்விட்டார். வீடு என்றால் சரி. ஆனால் வீட்டுக்கு எதற்கு இத்தனை கால்? காகிதத்தைப் போட்டோ எடுத்து ஸ்வீட்டிக்கு வாட்ஸப்பில் அனுப்பி, இது என்ன ஏது என்று முழுசாகப் பார்த்துச் சொல்லும்படி கேட்டாள்.

மத்தியானம் ஸ்வீட்டி கூப்பிட்டாள். சிரிப்பில் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

"அம்மா, நம்ம அப்பா என்னத்த வரைஞ்சிருக்காருன்னு தெரியுமா? வீடுங்கறது சரிதான். குடும்பம்னும் வரும். ஆனா அந்த எழுத்து எப்புடி வந்துச்சுன்னா, மேல இருக்கது கூரை. கீழ இருக்கது பன்னி."

"என்னது?"

"பன்னிம்மா. கூரைக்குக் கீழ பன்னி. அதுதான் சீனாக்காரனுக்கு வீடு."

முதலில் மகள் விளையாடுகிறாள் என்று நினைத்தாள். ஸ்வீட்டி ஒரு படத்தை அனுப்பினாள். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆமை ஓட்டிலும் மாட்டு எலும்பிலும் கீறி வைத்த எழுத்து. சாய்ந்த கூரை ஒன்று. அதற்குள் ஏதோ செங்குத்தாக நிற்கிறது. அருள்ராணி செல்போனைத் திருப்பாமல் தன் தலையைத் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், பளிச்சென்று தெரிந்துவிட்டது. மூஞ்சி மேலே, வால் கீழே, தொந்தி ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கம். படுத்திருக்கும் பன்றியைத் தூக்கி நிறுத்தி வைத்த மாதிரி. காலப்போக்கில் வளைவெல்லாம் நிமிர்ந்து, தொந்தி மறைந்து, காலும் வாலும் மட்டும் கோடுகளாக மிஞ்சியிருக்கின்றன. அதைத்தான் நிலவழகன் வெட்ட முடியாமல் திணறிக்கொண்டிருக்கிறான்.

"ஏண்டி, மாட்டை வச்சிருக்கலாம், ஆட்டை வச்சிருக்கலாம். பன்னியை எதுக்கு வச்சான்?"

"அதுக்குப் பல பேரு பல காரணம் சொல்றாங்க. ஒருத்தர் சொல்றது எனக்குப் புடிச்சுது. ஆடு மாட்டை ஓட்டிக்கிட்டு ஊர் ஊராப் போகலாமாம். பன்னியை அப்புடி ஓட்ட முடியாதாம். ஒரு எடத்துல நெலையா உக்காந்தவங்கதான் பன்னி வளக்க முடியுமாம். அதனால பன்னி இருந்தா அது வீடு."

பன்றியை ஓட்ட முடியாது என்பதை அருள்ராணிக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. கொட்டகையை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கியதில்லை அவள். வேளாங்கண்ணிக்கு ஊரே பஸ் பிடித்துப் போனபோதுகூட, காணிக்கையைப் பக்கத்து வீட்டில் கொடுத்தனுப்பிவிட்டு இருந்துகொண்டாள். தங்கச்சி கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் கிளம்பி ஓடிவந்தவள். எங்கேயோ ஓர் அந்நிய தேசத்தில், எந்தக் காலத்திலோ, எவனோ ஒருத்தன் இதைப் பார்த்து எழுத்தாக எழுதி வைத்திருக்கிறான் என்றதும் அவளுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ஆத்திரம். கேட்டில் பன்றியை மாட்டிவிட்டுக் கொல்லையில் இருக்கும் பன்றியை ஏற்றி அனுப்பப் பார்க்கிறாரே இந்த மனுஷன்!

யாரிடமும் மூச்சு விடவில்லை. கேட்டு மந்திரிக்கும் அன்றைக்கு ஊரும் உறவும் கூடும். சாமியார் இருப்பார், நாத்தனார் இருப்பாள். அத்தனை பேருக்கும் முன்னால் அந்த எழுத்தின் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

அந்த நாளும் வந்தது. கேட்டு உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. நிலவழகன் ஒரு காலையும் குறைக்கவில்லை. கறுப்புக் கம்பிகளுக்கு நடுவில் தங்கக் கலர் அடித்த எழுத்து வெயிலில் மின்னியது. பங்குச் சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து முடித்தார். கேசரியும் மிக்சரும் சுற்றி வந்தன. எதிர்பார்த்த கேள்வியைச் சாமியாரே கேட்டார்.

"இது என்ன எழுத்து லூர்து? நம்ம ஊர்ல இதை யாரு வாசிக்கப் போறா?"

அருள்ராணி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். அதற்குள் லூர்துநாதன் பேச ஆரம்பித்துவிட்டார்.

"வீடுன்னு அர்த்தம் சாமி. ச்சியான்னு சொல்லுவாங்க. போன புதுசுல எனக்கு அவங்க பேசுறது ஒன்னும் புரியாது. சாயங்காலம் ஆனா சூப்பர்வைசரு ஹுய் ச்சியா, ஹுய் ச்சியான்னு கத்துவாரு. ஒடனே எல்லாரும் வேலையை நிறுத்திருவாங்க. வேலை முடிஞ்சுதுங்கறதுக்கு அதுதான் வார்த்தைன்னு நெனச்சேன். அப்பறம் ஒருத்தன் சொன்னான், வீட்டுக்குப் போங்கன்னு அர்த்தமாம். நாங்க போறது ரூமுக்கு. பத்துப் பேரு படுக்குற ரூமு. அன்னைக்கு அவன்கிட்ட எழுதித் தரச் சொல்லி என் ஹெல்மெட்டுக்கு உள்பக்கம் வரைஞ்சுக்கிட்டேன். ஹெல்மெட்டு மாத்துனா மறுபடி வரைவேன். வேற ஒரு சைனா எழுத்தும் எனக்குத் தெரியாது சாமி."

சாமியார் அவர் தோளில் கை வைத்தார். முன்னால் வந்த அருள்ராணி அங்கேயே நின்றுவிட்டாள். இத்தனை வருஷ போன் பேச்சில் ஒரு தடவைகூட இதை அவர் சொன்னதில்லை. அரிசி வந்துதா, பிள்ளை படிக்குதா, உடம்பு எப்படி இருக்கு, அவ்வளவுதான் பேசியிருக்கிறார். நாலு பேர் முன்னால் அந்த மனுஷனைக் கேலிக்கு ஆளாக்க அவளுக்கு மனசு வரவில்லை. செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு லூர்துநாதன் கைலிக்கு மாறிக்கொண்டே, "காலையில வெள்ளன வண்டி வந்துரும். தீனி வைக்காத, ஏத்தும்போது வாந்தி எடுக்கும்னு சொன்னான்" என்றார்.

அப்போதுதான் அவள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. செல்போனில் இருந்த படத்தைக் காட்டி, கூரை இது, பன்றி இது, மூஞ்சி இது, வால் இது என்று விரலை வைத்துச் சொன்னாள். அவர் நம்பவில்லை. ஸ்வீட்டியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"இல்லப்பா, இதுலயும் சண்டை இருக்கு. சில பேரு அங்க பன்னிக்கு அர்த்தமே இல்ல, சத்தத்துக்காக வச்ச எழுத்துன்னு சொல்றாங்க" என்றாள் ஸ்வீட்டி.

"பாத்தியா, பாத்தியா! நான் அப்பவே நெனச்சேன்" என்று லூர்துநாதன் துள்ளினார்.

"முழுசாக் கேளுங்கப்பா. எந்தச் சத்தத்துக்குன்னா, ஆண் பன்னிக்கு அவங்க ஊர்ல ஒரு பேரு இருக்கு, அந்தப் பேரோட சத்தத்துக்கு. எங்கிட்டுச் சுத்துனாலும் பன்னிகிட்டதான் வந்து நிக்கும்." பிறகு அவள் குரல் மாறியது. "அப்பா, நான் ஃபிரெடிகிட்ட உள்ளதைச் சொல்லிருறேன்னேன். அத்தைதான் வேண்டாம்னுருச்சு. இன்னைக்கு மறைச்சா நான் காலம் பூரா மறைக்கணும். அதை மட்டும் யோசிச்சுக்கங்க."

போன் வைத்த பிறகும் லூர்துநாதன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடி எழுத்து இது. கூரைக்குக் கீழ ஒரு மனுசன் இல்ல, மக்க இல்ல. வெறும் பன்னி மட்டும் நிக்குது. இதைப் போயி குடும்பங்கறான்."

"நம்ம வீட்டுலயும் அப்புடித்தானே இருந்துச்சு" என்றாள் அருள்ராணி.

குத்திக்காட்ட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அவர் முகம் செத்துப்போனதைப் பார்த்த பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. வண்டி வர வேண்டாம் என்று அவர் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

விடியும் நேரத்தில் கொட்டகையிலிருந்து வந்த முனகலில் அருள்ராணி எழுந்துவிட்டாள். சினைப்பன்றி முதல் நாளிலிருந்தே வைக்கோலை வாயால் இழுத்து இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தது. இப்போது ஒருக்களித்துப் படுத்துவிட்டது. ஒரு குட்டி விழுந்திருந்தது. பன்றி குட்டி போடும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். வலியில் புரளும்போது தான் போட்ட குட்டியைத் தானே நசுக்கிவிடும். அவள் அதை எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது. கொட்டகை வாசலில் நிழல் தட்டியது. லூர்துநாதன்.

"என்னங்க அப்புடியே நிக்கிறீங்க? சாக்கை எடுத்துக்கிட்டு உள்ள வாங்க."

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். நீட்டிய கையில் அவள் ஒரு குட்டியை வைத்தாள். வைத்த வேகத்தில் அவர் மூக்கிலிருந்த கையையும் எடுத்து, இரண்டு கையாலும் குட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"அருளு, இது மூச்சு விடலடி."

"வாயில இருக்க சளியைத் தொடைங்க. தலையைக் கீழ தொங்க விட்டு முதுகைத் தேய்ங்க. மெதுவா இல்ல, நல்லாத் தேய்ங்க."

அவர் தேய்த்தார். காங்கிரீட் கலவை சுமந்து காய்த்துப்போன கை அது. குட்டி ஒரு தும்மல் போட்டுவிட்டு வீலென்று கத்தியது. லூர்துநாதன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஸ்வீட்டி பொறந்தப்ப ஒங்கூட யாரு இருந்தா?"

"நர்ஸம்மா இருந்தாங்க."

"வேற?"

"வேற யாரு இருப்பா?"

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. குணசேகரன் ஹார்ன் அடித்தான். லூர்துநாதன் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டே எழுந்து போனார். இரண்டு பேரும் பேசியது கொட்டகை வரைக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வண்டி பின்னால் எடுத்துத் திரும்பிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது. குட்டி போடுகிற பன்றியை ஏற்ற முடியாது, அதனால் நாளைக்கு வரச் சொல்லியிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் நம்ப அவளுக்குப் பயமாக இருந்தது.

திரும்பி வந்தவர் உள்ளே வரவில்லை. கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டு ஒரு கையில் குட்டி, ஒரு கையில் செல்போனோடு ஃபிரெடியின் அப்பாவைக் கூப்பிட்டார்.

"சார், வணக்கம். ஸ்வீட்டியோட அப்பா பேசுறேங்க. வெள்ளனக் கூப்புட்டதுக்கு மன்னிச்சுக்கங்க. எங்க அக்கா ஒங்ககிட்ட கடலை வெவசாயம்னு சொல்லியிருக்கும். அப்புடி ஒன்னும் இல்லைங்க. எங்க வீட்டம்மா பன்னி வளக்குறாங்க. நான் பூராவும் வெளிநாட்டுல கெடந்தேன். புள்ளையை வளத்து வீட்டை வச்சிருந்தது அவுகளும் இந்தப் பன்னிகளுந்தாங்க. இதை நாங்க விடுறதா இல்ல. நீங்க வரும்போது வாடை இருக்கும். முன்னாடியே சொல்லிருறது நல்லதுன்னு தோணுச்சு."

அருள்ராணி வைக்கோலில் மண்டியிட்டபடி அடுத்த குட்டியை வாங்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். கண்ணீர் தாரை தாரையாக இறங்கியது. கையெல்லாம் ரத்தமும் சளியுமாக இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. இத்தனை வருஷத்தில் ஊர் அவளைப் பற்றிப் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. அவளுக்காக ஒருத்தர் பேசி அவள் கேட்டது இன்றைக்குத்தான்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன்னாரு." அவர் குனிந்து கொட்டகைக்குள் வந்தார். "இன்னும் எத்தனை இருக்கு வயித்துல?"

"தெரியல. உக்காருங்க, வரட்டும்."

அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்தார்.